பேட்டரி போனால் ஸ்பிரேயரையே மாற்ற வேண்டுமா?

“இரண்டு ஏக்கரில் கத்திரி, வெண்டை சாகுபடி செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு லித்தியம் பேட்டரி வைத்த முதுகு ஸ்பிரேயர் வாங்கினேன். தூக்குவதற்கு லேசாக இருந்தது. போன மாதத்திலிருந்து சார்ஜ் ஏறவில்லை. கடையில் காட்டினால், ‘பேட்டரி தனியாக வராது, அடிப்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும், அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிவிடலாம்’ என்கிறார்கள். டேங்க், பம்ப், குழாய் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. போர்வெல் மோட்டார் எரிந்தால் காயில் கட்டி மறுபடி இறக்கிவிடுகிறோம். இந்தச் சின்ன மிஷினுக்கு ஏன் அப்படிச் செய்ய முடியவில்லை?”

- வாசகர், ஒட்டன்சத்திரம்

வாசகர் போர்வெல் மோட்டாரை இழுத்திருப்பது சரியான இடத்தில் கை வைத்ததுபோல. 300 அடிக்குக் கீழே, தண்ணீருக்குள், வருடக்கணக்கில் ஓடும் பொருள் அது. ஆனாலும் வெளியே எடுத்தால் நாலு போல்ட்டைக் கழற்றித் திறந்துவிடலாம். எரிந்த வயரை உருவிவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட புது வயரைச் சுற்றலாம். புஷ் தேய்ந்தால் புஷ், த்ரஸ்ட் பேரிங் போனால் பேரிங் என்று தனித்தனியாக மாற்றலாம். இதற்கு கம்பெனி ஆள் வர வேண்டியதில்லை. தாலுகா தலைநகரில் இருக்கும் காயில் கட்டும் கடை போதும். நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கு ஐ.எஸ். 8034, அதன் மோட்டாருக்கு ஐ.எஸ். 9283 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் எத்தனை கம்பெனிகள் செய்தாலும் உள்ளே இருக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், ஒரு கம்பெனி மோட்டாரில் கை பழகியவர் இன்னொன்றையும் பயமில்லாமல் திறக்கிறார்.

இது தானாக அமைந்ததல்ல. ‘இது ஒருநாள் பழுதாகும், யாரோ ஒருவர் திறப்பார்’ என்று நினைத்து ஒருவர் காகிதத்தில் வரைந்ததால் வந்தது. கேள்வியில் சொல்லப்படும் ஸ்பிரேயரை வரைந்தவர் அப்படி நினைக்கவில்லை.

இத்தனைக்கும் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்றும் பெரிய மர்மமான கருவி அல்ல. 16 லிட்டர் டேங்க், அதன் அடியில் 12 வோல்ட் பேட்டரி, கூடவே ஒரு சின்ன டயாபிரம் பம்ப், கைப்பிடியை மூடினால் பம்பை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச், சார்ஜர் சொருகும் துளை, பிறகு குழாயும் நாசிலும். அவ்வளவுதான். இதில் முதலில் போவது அனேகமாக பேட்டரி. அடுத்தது சார்ஜர் துளையில் இருக்கும் வயர் பற்று. இந்த இரண்டும் போகும் என்பது ஸ்பிரேயர் தயாரிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பழைய மாடல்களில் இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி. கனமானது, ஏறக்குறைய இரண்டரை கிலோ. 16 கிலோ தண்ணீரோடு இதையும் சுமக்க வேண்டும். சார்ஜ் தீர்ந்த நிலையில் விட்டுவைத்தால் சீக்கிரம் செத்துப்போகும். இத்தனை குறை இருந்தாலும் அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பல ஸ்பிரேயர்களில் வருவது கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் அதே அளவுப் பெட்டி. 15 சென்டிமீட்டர் நீளம், ஆறரை சென்டிமீட்டர் அகலம். பக்கத்து டவுனில் யு.பி.எஸ். விற்கும் கடையில் வாங்கி, இரண்டு வயரைச் சொருகினால் வேலை முடிந்தது.

லித்தியம் வந்ததும் எடை பாதிக்கும் கீழே போனது. தோளுக்கு அது பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால், லித்தியம் செல்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவத்தில் அடுக்கி, தனக்கென்று ஒரு கனெக்டர் வைத்து, சில மாடல்களில் பெட்டியை ஒட்டியே மூடிவிடுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. மருந்துத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது; லித்தியம் செல்லைத் தெரியாதவர் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். ஆனால், தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் வாஷரும் நாலு ஸ்குரூவும் போதும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டாருக்குச் சாத்தியமானது, தோளில் தொங்கும் டேங்குக்குச் சாத்தியமில்லை என்று சொன்னால் நம்புவதற்கில்லை. ஒட்டி மூடுவதில் தயாரிப்புச் செலவு குறைகிறது, அடுத்த ஸ்பிரேயரும் விற்கிறது.

பொருளின் ஆயுளை விற்பவரே தீர்மானிப்பது புதிய விஷயமல்ல. 1924 கடைசியில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ‘ஃபீபஸ்’ என்ற பெயரில் கூட்டு சேர்ந்து, ஒரு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு செய்தன. அதைவிட அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம் போட்டன. அதாவது, நன்றாகச் செய்ததற்குத் தண்டம்!

இப்போது காற்று கொஞ்சம் எதிர்ப்பக்கம் வீசுகிறது. பொருள்களை வடிவமைப்பவர்கள் மத்தியில் ‘கழற்றுவதற்கு ஏற்ற வடிவமைப்பு’ என்பது இன்று முக்கியமான பேச்சு. பசைக்குப் பதில் ஸ்குரூ, விசேஷ ஸ்குரூவுக்குப் பதில் சாதாரண ஸ்குரூ, ஒரே கட்டியாக வார்ப்பதற்குப் பதில் தனித்தனியாகக் கழலும் பாகங்கள் என்பதுதான் அதன் சாரம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபேர்போன் என்ற கம்பெனி, ஒரு ஸ்குரூ டிரைவரால் வீட்டிலேயே பாகம் பாகமாக மாற்றும்படி செல்போன் செய்து விற்கிறது. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலிருந்து செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின், மின்சாரப் புல் வெட்டும் மிஷின் ஆகியவற்றுக்கு ‘பழுது பார்க்கும் தகுதி’ என்று 10-க்கு மதிப்பெண் போட்டு, விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே காட்டச் சொன்னார்கள். கழற்றுவது சுலபமா, உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், அதன் விலை என்ன என்பதை வைத்துத்தான் மதிப்பெண். ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டு வந்த பேட்டரி விதிமுறைப்படி, கையடக்கக் கருவிகளில் இருக்கும் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரியிலிருந்து வடிவமைக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு.

விவசாயிகளே முன்னால் நின்று நடத்திய சண்டை என்றால், அது அமெரிக்காவில். அங்கே பெரிய டிராக்டர், அறுவடை இயந்திரங்களில் எல்லாம் கம்ப்யூட்டர் மயம். சென்சார் ஒன்று போனால் விவசாயி புதுசு வாங்கி மாட்டலாம். ஆனால், டீலர் வந்து தன் சாஃப்ட்வேரில் ‘சரி’ சொன்னால்தான் வண்டி முழு வேகத்தில் ஓடும். அறுவடை நேரத்தில் டீலருக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே பண்ணை இயந்திரம் தயாரிப்பவர்கள் உதிரி பாகம், கருவி, கையேடு, சாஃப்ட்வேர் ஆகியவற்றை விவசாயிகளுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தாக வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், இதே பிரச்னைக்காக ஜான் டீர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது.

அது தூரத்து விவகாரம் என்று விட்டுவிட முடியாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்து புதிய புகை விதி வந்ததால், அந்த இன்ஜின்களில் மின்னணுக் கட்டுப்பாடு நுழைந்துவிட்டது. சுத்தியலும் ஸ்பேனரும் வைத்திருக்கும் பட்டறைக்காரரால் மட்டும் இனி எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றோடு விவசாயக் கருவிகளையும் அந்தக் குழு முதல் பட்டியலிலேயே சேர்த்தது நல்ல விஷயம். அதே வருடம் டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தார்கள். கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக அது இன்னும் மாறவில்லை. அதுவரை கையில் இருப்பது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். பிழைப்புக்காகத் தானே பயன்படுத்தும் கருவியை வாங்கியவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர். ரசீது இருந்து, வாரண்டி காலத்துக்குள் பழுது வந்து, உதிரி பாகம் தர மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

இனி, ஒட்டன்சத்திரம் வாசகரின் ஸ்பிரேயருக்கு வருவோம். அதைத் தூக்கிப் போடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. சார்ஜ் ஏறவில்லை என்பதாலேயே பேட்டரி போய்விட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜரே செத்திருக்கலாம், சார்ஜர் துளையில் பச்சை பிடித்து வயர் விட்டிருக்கலாம். எலெக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேட்டரிதான் போயிருக்கிறது என்றால், மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்துக் கட்டும் கடைகள் இப்போது நகரங்களில் வந்திருக்கின்றன. அங்கே கொடுத்தால் அதே வகை செல், அதே எண்ணிக்கை, காவல் சர்க்யூட்டோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள். அந்தச் சர்க்யூட் இல்லாமல் மலிவாகக் கட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். வீட்டில் திறந்து பற்றவைக்கவும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து. லெட்-ஆசிட் சார்ஜரும் லித்தியம் சார்ஜரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பின் கூட பொருந்தும். மூன்று செல் வரிசை லித்தியம் பேட்டரிக்கு 12.6 வோல்ட்தான் எல்லை. லெட்-ஆசிட் சார்ஜரோ 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். மாற்றிச் சொருகினால், காவல் சர்க்யூட் ஒழுங்காக இல்லாத பேட்டரி வீங்கிவிடும், தீயும் பிடிக்கலாம்.

அடுத்த முறை வாங்கும்போது எத்தனை நாசில் இலவசம் என்று கேட்பதைவிட, அடிப்பாகத்தைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்வது நல்லது. சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவரில் திறக்கிறதா, பேட்டரி தனியாகக் கையில் வருகிறதா, அதே பேட்டரியும் டயாபிரமும் பிரஷர் ஸ்விட்ச்சும் இப்போதே கடை இருப்பில் இருக்கின்றனவா, என்ன விலை என்று பார்க்க வேண்டும். திறந்து காட்டத் தயங்கும் கடைக்காரர் பழுதான பிறகு திறக்கப்போவதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு மாடல் வாங்காமல், எல்லோரும் ஒரே மாடலாக வாங்கி, அதோடு நாலைந்து பேட்டரியையும் பம்பையும் சேர்த்து விலை பேசலாம். இருபது ஸ்பிரேயர் வாங்குகிறவர் கேட்டால் கம்பெனியும் காது கொடுக்கும். பழைய பேட்டரியைக் குப்பையிலோ கிணற்று மேட்டிலோ போட வேண்டாம். 2022-ம் வருட பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. விற்ற கடையிலேயே கொடுக்கலாம்.

“மானாவாரிக்காரன். வருடத்தில் நாலு மாதம்தான் ஸ்பிரேயருக்கு வேலை. மீதி மாதங்களில் பேட்டரியை எப்படி வைப்பது?”

- வாசகர், விளாத்திகுளம்

லெட்-ஆசிட் பேட்டரி என்றால் முழுதாக சார்ஜ் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். லித்தியம் என்றால் பாதி சார்ஜில், தகரக் கொட்டகைச் சூடு படாத இடத்தில் வைத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இரண்டிலும் சார்ஜரை மாட்டியபடியே விடக் கூடாது. எடுத்து வைப்பதற்கு முன்பு நல்ல தண்ணீர் ஊற்றி நாசில் வழியாக அடித்து, பிறகு டேங்க் காலியாகும் வரை ஓட விட்டு பம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும். மருந்து காய்ந்து ஒட்டினால் டயாபிரம் அடுத்த பட்டத்தில் வேலை செய்யாது.