பெயர் கேளாத பரிசோதனை

மருத்துவமனைக்குச் சென்றால் முதலில் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். ஆனால் பெயரே கேளாமல் இரத்தத்தைப் பரிசோதித்து முடிவு சொல்லும் நிலையம் ஒன்று, 1990ஆம் ஆண்டு உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் தொடங்கப்பட்டது. எயிட்ஸ் தகவல் நிலையம் என்பது அதன் பெயர். வந்தவருக்கு ஓர் எண் தரப்பட்டது, அவ்வளவே. எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் உண்டா என்றறிய, அதற்கு முன் பலர் இரத்ததானம் செய்பவர்போல் இரத்த வங்கிக்குச் சென்றனர். அத்தனை அச்சம்!

'பெயரை மறைத்தால் வெட்கம்தானே வளரும்? பிறரைக் காப்பது எப்படி?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆயினும், வீட்டார் ஒதுக்குவர், ஊரார் தூற்றுவர் என்று அஞ்சுகிறவர், சிறப்பாகப் பெண்கள், பெயர் கேட்கும் இடத்திற்கு வரவே மாட்டார்கள். தனக்கிருப்பதை அறியாதவர் பிறரைக் காப்பது எங்ஙனம்?

மேலும், அங்கு நடப்பது இரத்தம் எடுப்பது மட்டுமன்று. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பயிற்சி பெற்ற ஆலோசகர் அமர்ந்து பேசுகிறார். கிருமி இல்லையெனில் இனியும் காத்துக்கொள்வது எப்படி, உண்டெனில் வாழ்வது எப்படி, கணவனிடமோ மனைவியிடமோ சொல்வது எப்படி என்று வழிகாட்டுகிறார். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் நம் பெயரைக் கேட்பதில்லை, கேட்டதை வெளியிடுவதுமில்லை. அதனால் அவர் பாவத்திற்குத் துணைபோகிறார் என்று யாரும் சொல்வதில்லையே!

1990இல் இந்நோய்க்கான மருந்து ஏழை நாட்டு மக்களுக்கு எட்டாதிருந்தது. இன்றோ நாள்தோறும் மாத்திரை உண்டால் நெடுங்காலம் வாழலாம். அதற்குத் தொடர்ந்து மருத்துவரிடம் வரவேண்டும். அங்கே பெயர் தேவைப்படும். ஆகவே, பெயர் கேளாமை முதற்படியே. நம்பிக்கையோடு பெயரைச் சொல்லக்கூடிய இடம் அடுத்த படி. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் ஒருவரது நிலையைப் பிறருக்கு வெளியிடுவதையும் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் சட்டம் நம் நாவைக் கட்டுமா? அதை நாம்தான் கட்டவேண்டும்.

நம் ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார். பின்னர், அதை யாருக்கும் கூறாமல் குருவிடம் மட்டும் சென்று காட்டும்படி பணித்தார் என மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர் ஊரைக் கூட்டவில்லை; கையை நீட்டினார். தோழியரே, நோயுற்ற ஒருவரைப் பற்றிய செய்தி நம் காதுக்கு எட்டினால், அது நம்மோடு நிற்கட்டும். நம் கை மட்டும் அவரிடம் செல்லட்டும்.