வெட்டி ஒட்டுவது தேடலா?

'லிட்டில் இந்தியாவைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு பக்கம் எழுதி வருக.' இத்தகைய வீட்டுப்பாடத்தை நானும் பலமுறை கொடுத்திருக்கிறேன். ஒருமுறை மாணவன் ஒருவன் கொணர்ந்த தாளில், 'சிறிய இந்தியா ஓர் இன மாவட்டம் ஆகும்' என்றிருந்தது. பொருள் என்னவென்று கேட்டேன். "தெரியாது டீச்சர், கணினிதான் எழுதியது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பிழை அவனுடையதன்று; என் வினாவினுடையது.

ஆங்கிலத்தில் தேடி, இயந்திரத்தால் மொழிபெயர்த்து, வெட்டி ஒட்டிய தாளுக்கு 'இணையவழித் தேடற்கற்றல்' என்று பெயர் சூட்டி மகிழ்கிறோம். 1995ஆம் ஆண்டில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னி டாட்ஜ் வகுத்த 'வெப்குவெஸ்ட்' முறை இதற்கு நேர்மாறானது. பக்கங்களைத் தேர்ந்து கொடுப்பது ஆசிரியர் பணி; படித்ததை எடைபோட்டு முடிவு காண்பது மாணவர் பணி. நாமோ சிந்தனையை விட்டுவிட்டு அலைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அதே 1995இல்தான், நம் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. தமிழ் இணையத்தில் காலூன்ற உழைத்த ஊர் இது. இவ்வூர்ப் பிள்ளைகள் தமிழ்ப்பாடத்திற்கே ஆங்கிலத்தில் தேடுவது நமக்குப் பெருமையா?

வினாவை மாற்றிப் பாருங்கள். தேக்காவில் ஓர் எருமையும் இல்லை. பிறகு ஏன் பஃபலோ சாலை? அதனருகிலுள்ள கெர்பாவ் சாலையின் பெயருக்கும் மலாயில் எருமை என்றே பொருள். கேகே மருத்துவமனையின் பழம்பெயரான 'கண்டாங் கெர்பாவ்' என்பது எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்தது. பெலிலியோஸ் சாலையும் ஒரு மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கியதே. 'இப்பெயர்களை மாற்றலாமா?' என்று கேளுங்கள். ஒருவன் கடைக்காரனாகவும், ஒருத்தி வரலாற்றாசிரியையாகவும், இன்னொருவன் சுற்றுப்பயணியாகவும் வாதிடட்டும். இதற்கு விடை எந்தப் பக்கத்திலும் ஆயத்தமாக இல்லை. வெட்டி ஒட்ட வழியுமில்லை.

"வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகளிடம் இது நடக்குமா?" என்பர் சிலர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. மறுக்கவில்லை. ஆனால், அதனாலேயே இது வேண்டும் என்கிறேன். சொல்வதற்கு ஒரு கருத்து இருந்தால்தான் பிள்ளை சொல்லைத் தேடும். கருத்தே இல்லாத பிள்ளைக்கு இயந்திரம் எழுதித் தருவதே போதும்.

ஆசிரியருக்கு வேலை கூடும் என்பது உண்மை. எளிய தமிழில் மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டும். தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்துள்ள பழைய தமிழ் முரசு இதழ்களிலிருந்து தேக்கா பற்றிய செய்தியொன்றைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது போகும். பொருளறியாமல் ஒட்டப்பட்ட நாற்பது தாள்களைத் திருத்தவும் ஒரு மாலை போகத்தான் செய்கிறது.

பெற்றோரே, பிள்ளைக்காக நீங்கள் தேடித் தராதீர்கள். ஞாயிறன்று தேக்காச் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்கறிக் கடைப் பெரியவரிடம் அவனே தமிழில் கேட்கட்டும். திக்கித் திணறட்டும், குறுக்கே புகாதீர்கள். அவன் திணறித் திணறிக் கேட்கும் அந்த ஒரு கேள்வி, அச்சடித்துக் கொணரும் பத்துப் பக்கங்களைவிட மேலானது.