ஞாயிறு சமையல் யார் தலையில்?

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்துவிட்டால் வடாலா, ஆன்டாப் ஹில் பகுதிகளில் வாழும் நம்மவர் பலர் வீடு திரும்ப இரவு வெகுநேரமாகிவிடுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஞாயிறன்றே குழம்பு, கூட்டு செய்து குளிர்பதனப் பெட்டியில் உறைய வைப்பதில் தவறில்லை. "பழையது" என்று முகம் சுளிப்பவர்கள் ஓட்டல் செலவைக் கணக்குப் பார்க்கட்டும்.

ஆனால், முறையறிந்து செய்ய வேண்டும். சமைத்ததை ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், ஒரு வேளைக்கான அளவாகச் சிறு டப்பாக்களில் உள்ளே வைத்துவிட வேண்டும். உருளைக்கிழங்கு உறைந்தால் சுவை கெடும். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். மிஞ்சியதை மீண்டும் உறைய வைக்கலாகாது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது ரயில்கள் நின்றன. பல இடங்களில் மின்சாரமும் நின்றது. அத்தகைய நாளில் பெட்டியில் உள்ளது உருகிக் கெடும். கைகொடுப்பவை புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியுமே. பெட்டி இல்லாத வீட்டுக்கும் அவையே துணை.

ஒன்றை மறக்கலாகாது. வாரச் சமையலை ஒரே நாளில் செய்பவளுக்கு ஓய்வு நாள் ஏது? காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் கணவனின் பங்காகட்டும். இல்லையேல் மிச்சமாவது அவன் நேரம். கரைவது அவள் உடம்பு.