இரைச்சலுக்குள்ளே நாலு பையன்கள்



இதழ் அச்சுக்குப் போகிற வாரம். மேஜையில் புரூஃப் குவிந்து கிடக்க, நான் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது என் வாழ்நாளில் கேட்டதிலேயே மோசமாகப் பதிவான ஒரு கச்சேரியை. பீட்டில்ஸ் குழு 1962 டிசம்பர் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில் பாடியது அது. வீட்டில் வைத்துக்கொள்கிற கிரண்டிக் டேப் ரெக்கார்டர் ஒன்று, மேடையோரம் ஒரே ஒரு மைக். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கிறது. பாடுகிறவர்களைவிடக் குடிக்கிறவர்கள் பேச்சு சில இடங்களில் தெளிவு. குழுவின் ஜான் லென்னன் பாட்டுக்கு இடையில் கூட்டத்தைக் கிண்டலடிக்கிறார். கிளப் ஊழியர் ஒருவரே மேடையேறி ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போகிறார்!

அந்தப் பயணமே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரில் அவர்களுடைய 'லவ் மீ டூ' பாட்டு வெளியாகி பிரிட்டன் பட்டியலில் 17ஆம் இடம்வரை போயிருந்தது. ஊரில் பெயர் கிளம்புகிற நேரம் பார்த்து, முன்பே ஒப்புக்கொண்ட வேலைக்காக மறுபடி ஹாம்பர்க். ஆனால் அவர்களை உருவாக்கியதே அந்த ஊர்தான். 1960இல் முதன்முறை வந்தபோது வார நாள்களில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் மேடையில் நின்றார்கள். அவ்வளவு நேரம் நின்றவர்களின் கை வேகம் அந்தக் கொரகொர டேப்பிலும் தெரிகிறது. மரியாதைக்கு வாசிக்கிற பேச்சே கிடையாது. பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

அந்த டேப் லிவர்பூல் பாடகர் டெட் டெய்லரிடம் இருந்தது. 1977இல் அது இசைத்தட்டாக வந்ததும் ரசிகர்கள் கொண்டாடினார்கள், பீட்டில்ஸுக்கோ அவமானம். அதன் விற்பனையை எதிர்த்த வழக்கு 1998இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது குழுவின் ஜார்ஜ் ஹாரிசனே சாட்சிக் கூண்டேறினார். குடித்திருந்த ஒருவர் குடித்திருந்த சிலரைப் பதிவு செய்ததெல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடாது என்பது அவர் வாதம். வழக்கு பீட்டில்ஸுக்குச் சாதகமாகவே முடிந்தது. அதற்குள் அந்தப் பாட்டுகள் உலகமெல்லாம் பரவிவிட்டன. அவற்றை யாரால் திருப்பி வாங்க முடியும்?

இதில் நான் யார் பக்கம் என்பது எனக்கே குழப்பம். பிழைகளை அழிப்பதுதான் என் பிழைப்பு. எங்களுக்கு எழுதுகிற மூத்த எழுத்தாளர் ஒருவர், தன் முதல் கதையைத் தொகுப்பில் சேர்த்தால் இனி உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். சேர்க்கவில்லை. ஆனால் அந்தக் கதை வந்த பழைய இதழை நான் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

ரசிகனுக்கு அந்த டேப்பில் அப்படி என்ன கிடைக்கிறது என்று கேட்டால், ஒரு பாட்டைக் காட்டுவேன். ஹாம்பர்க் டேப்பில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இருக்கிறது. ஏறக்குறைய ஆறே வாரம் கழித்து, 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அதையே மறுபடி பாடினார்கள். லிவர்பூலில் அவர்கள் வழக்கமாகப் பாடிய கேவர்ன் கிளப்பிலேயே போய் நேரடியாகப் பதிவு செய்யலாமா என்றுகூட யோசித்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். கடைசியில் அந்த மேடைப் பாட்டுகளைக் கூடத்துக்கு வரவழைத்து, ஒரே நாளில் 10 பாட்டுகளை முடித்தார். லென்னனுக்கு அன்று கடும் ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கிற பாட்டு என்பதால் இதை ராத்திரிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதல்முறை பாடியதுதான் இசைத்தட்டில் இருக்கிறது. இன்னொரு முறை முயன்றபோது குரல் போய்விட்டது. இசைத்தட்டை மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கத்தலை அன்றைய நாளின் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருப்பேன். ஹாம்பர்க் டேப்பைக் கேட்ட பிறகு, குடிகாரக் கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று பழகிய தொண்டை அது என்று புரிந்தது.

இதற்கும் முந்தைய பதிவு ஒன்று உண்டு. 1958இல் குவாரிமென் என்ற பெயரில், லிவர்பூலில் ஒருவர் வீட்டிலேயே வைத்திருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் 17 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து இரண்டு பாட்டுகள் பதிந்தார்கள். லென்னனுக்கு 17 வயது, பால் மெக்கார்ட்னிக்கு 16, ஹாரிசனுக்கு 15. கிடைத்தது ஒரே ஒரு தட்டு. கைமாறிக் கைமாறி, பியானோ வாசித்த ஜான் லோவிடம் தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார். 1995இல் வந்த 'ஆன்தாலஜி' தொகுப்பின் முதல் பாகத்தில் நாமும் கேட்கலாம். ஹாம்பர்க் டேப்பை மறைக்கப் பார்த்தவர்கள் இதைத் தேடி வாங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கேசட்டுகள் இருக்கும்: கல்யாணக் கச்சேரி, தாத்தாவின் குரல், நண்பர்கள் அடித்த கூத்து. தரம் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே பிளேயரில் போட்டுவிட வேண்டாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். என்ன கேட்டது என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்