கேள்விக்குறி விழுவதற்கு முன்

நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்திய இலக்கியத் தளத்தை 2007-இல் வேர்ட்பிரஸ் 2.2-க்கு உயர்த்திய இரவில், அதுவரை ஏற்றிய கட்டுரைகள் அத்தனையும் வாசிக்க இயலாதவை ஆயின. திறந்த பக்கமெல்லாம் தலையில் கோடிட்ட ரோமன் 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும். மறைந்த நண்பர் ஒருவரின் பதினொரு கட்டுரைகள் அவற்றில் இருந்தன. வேறு படி எவரிடமும் இல்லை.

புதிய பதிப்பைத் திட்டித் தீர்த்தோம். அது நியாயமன்று என்பதே இன்று என் எண்ணம். மைஎஸ்க்யூஎல் ஸ்வீடனில் பிறந்தது. எழுத்துக்குறி இன்னதென்று சொல்லாவிட்டால் அட்டவணையை லத்தீன்-1 எனக் கொண்டு, ஸ்வீடிய அகரவரிசையில் அடுக்கும் (2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் இவ்வழக்கம் ஒழிந்தது). ஒருங்குறித் தமிழில் குறி ஒன்றுக்கு மூன்று பைட். அவற்றை மூன்று ஐரோப்பிய எழுத்துகளென நம்பி வாங்கிவைத்த தரவுத்தளம், கேட்டபோதெல்லாம் அப்படியே திருப்பித் தந்தது. 2.2 பதிப்போ அமைப்புக் கோப்பில் எழுத்துக்குறியைச் சொல்ல ஒரு வரி கொண்டுவந்தது. அதில் யூடிஎஃப்-8 என்று எழுதியதும், தரவுத்தளம் இல்லாத லத்தீனை மெனக்கெட்டு மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டது.

அவ்வரியை நீக்கினால் தமிழ் திரும்பிவிடும். பலர் அத்தோடு நிறுத்திக்கொண்டனர். பொய்ப் பெயரோடு அட்டவணை அடுத்த மாற்றத்துக்காகக் காத்திருந்தது. நேரே யூடிஎஃப்-8-க்கு மாற்றச் சொல்வது இன்னும் கேடு: மூன்று பைட் ஆறு, ஏழாக வீங்கிக் குப்பை நிலைபெறும். பத்தியை முதலில் வெறும் பைனரியாக்கி, அதன்பின் யூடிஎஃப்-8 எனப் பெயரிட வேண்டும். பைட் எதுவும் மாறாது, பெயர் மட்டுமே மாறும். நகலொன்றில் செய்துபார்த்த பிறகே மூலத்தைத் தொட்டோம்.

அச்சிதழ்க்காரர்கள் மெய்ப்புப் பார்க்கக் கற்றார்கள். இணைய இதழாசிரியர் தம் அட்டவணையின் எழுத்துக்குறியையேனும் அறிந்திருக்கவேண்டும், படைப்புகளின் படியைத் தனிக் கோப்பாக வைத்திருக்கவேண்டும் என்றால், 'அது கணினிக்காரர் வேலை' என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பத்துக் கட்டுரைகள் மீண்டன. பதினொன்றாவதை, அந்த வரி இருந்தபோதே எங்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல், உலாவியில் திறந்து கிடந்த பழைய பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிச் சேமித்துவிட்டுச் சாளரத்தையும் மூடியிருந்தார். லத்தீனில் இடமில்லாத எழுத்துக்கெல்லாம் தரவுத்தளம் கேள்விக்குறி இட்டுவிட்டது, அதற்கு மீட்சியில்லை. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சொல்லிடைவெளியும் மட்டும் பிழைத்தன. அவருடைய வாக்கியங்கள் எத்தனை நீளம், எங்கெங்கே நின்றன என்பது இப்போதும் தெரிகிறது.