மறியல் வாசலில் காத்திருப்பவர் யார்?

யாழ்ப்பாணச் சிறைச்சாலையிலிருந்து ஓர் இளைஞன் விடுதலையாகும் காலையை நினைத்துப் பார்ப்போம். போதைப்பொருள் வழக்கில் அகப்பட்டுச் சில மாதங்கள் உள்ளே இருந்தவன். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும். இனித் தொடமாட்டேன் என்று பார்க்க வந்த தாயிடம் சொல்லியிருப்பான். அதை உண்மையாகவே சொல்லியிருப்பான். வாசலைத் தாண்டியதும் அவனை முதலில் எதிர்கொள்பவர் யார்? பெற்றோர் வந்திருக்கலாம். ஊர் பார்க்குமே என்ற கூச்சத்தில் வராமலும் விட்டிருக்கலாம். பழைய கூட்டாளி வந்து நிற்பதற்கு அந்தக் கூச்சம் இல்லை.

அந்தக் காலையும் அதைத் தொடரும் சில நாட்களும் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு அளவிட்ட சான்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் ஏனைய மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு என்று கண்டது. மிகையளவு போதையால் இறக்கும் அபாயமோ 129 மடங்கு. ஹெரோயின் போன்ற போதையில் இதன் காரணம் எளிது. மாதக்கணக்கில் போதை படாத உடல் பழைய அளவைத் தாங்கும் வலுவை இழந்துவிடுகிறது. மனமோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கிறது.

நம் குடாநாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. முன்பெல்லாம் பாக்குநீரிணை வழியே வரும் கேரளக் கஞ்சாதான் ஊரில் பேச்சாக இருந்தது. இன்று ஹெரோயினும் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனும் ஊருக்குள் பேசப்படும் சொற்களாகிவிட்டன. அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 டிசெம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. 2025 ஒக்டோபர் இறுதியில் 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 5 கிராம் ஐஸ் வைத்திருப்பதுகூட மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாயிற்று. மறுபுறம், நாட்டின் சிறைகள் தமது இடவசதிக்கு இரு மடங்குக்கும் மேற்பட்டோரைச் சுமந்து நிற்கின்றன. உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும் பங்கினர் போதைப்பொருள் வழக்குகளால் வந்தவர்கள்.

பிடி இறுக வேண்டும் என்று கேட்கும் பெற்றோரை நாம் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கண்களைத் தினமும் உற்றுப் பார்க்கும் தாய்க்கு, விற்பவன் வெளியே திரிவது பொறுக்காது. அந்த அச்சத்துக்கு மதிப்புக் கொடுக்காத எந்தத் திட்டமும் ஊரில் வேர் பிடிக்காது. இன்னொரு பக்கம், பாவனைக்கு அடிமையானவன் நோயாளி, அவனைப் பூட்டி வைப்பதால் நோய் மாறாது என்று வைத்தியர்கள் சொல்வதும் உண்மை. விற்பனையை ஒடுக்குவது பொலிஸாரின் வேலை. பாவனையிலிருந்து ஒருவரை மீட்பது வேறு வேலை. ஒன்றைச் செய்தால் மற்றதும் தானாக நடந்துவிடும் என்று இரு தரப்பினரும் சில வேளைகளில் எண்ணிவிடுகிறோம்.

அந்த இரண்டாவது வேலைக்கு நம்மிடம் உள்ள கைகள் போதாதவை. 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்டகாலமாக நடத்திவரும் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, காலி, கண்டி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் உள்ளவை. சாவகச்சேரியிலிருந்தோ வல்வெட்டித்துறையிலிருந்தோ ஒரு தாய் அங்கே போய்வருவதற்குப் பணம் மட்டும் அல்ல, மொழியும் வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவும் தெல்லிப்பழை வைத்தியசாலையும் 1987 முதல் உளவளத்துணைப் பணி செய்துவரும் சாந்திகம் போன்ற அமைப்புகளும் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ஐஸ் பாவனைக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து உலகில் எங்குமே இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பேச்சும் பழக்கமும் பக்கத்தில் ஒரு மனிதரும்தான் அங்கே மருந்து.

அந்த மனிதர் யார் என்பதற்கு உலகம் தந்திருக்கும் விடைகளில் ஒன்று, அதே பாதையில் விழுந்து எழுந்தவர் என்பது. குடியிலிருந்து மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் இயக்கம் 1935இல் அமெரிக்காவில் இரண்டு பேருடன் தொடங்கியது. 1942இல் அது கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளும் நுழைந்தது. பிரித்தானியாவில் சுவான்சி சிறையில் 1991 முதல் கைதிகளே பயிற்சி பெற்று, மனம் உடைந்த சக கைதிகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். அதைத் தொடங்கி வைத்த சமரித்தான்ஸ் அமைப்பின் வழியில் வந்ததே இலங்கையின் சுமித்ரயோ. அதன் போதைத் தடுப்புப் பிரிவான மெல் மெதுர கொழும்பில் இயங்குகிறது. ஆகவே இது நமக்கு முற்றிலும் புதிய விதை அல்ல.

அந்த விதையை இங்கே ஊன்றினால் அது இப்படி இருக்கும்: மீண்டவர் ஒருவர் துணைவராக, மீள நினைக்கும் கைதியை உள்ளே இருக்கும்போதே கிழமைக்கு ஒருமுறை சந்திக்கிறார். விடுதலை நாளில் வாசலில் நிற்கிறார். முதல் கிளினிக்குக்குக் கூடவே போகிறார். இரவு பதினொரு மணிக்கு உடம்பு கேட்கிறது என்று அழைப்பு வந்தால் எடுக்கிறார். இப்படிப்பட்ட துணை இருந்தால் சிகிச்சையில் நிலைத்திருப்போர் கூடுகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. மீண்டும் குற்றம் செய்வது எவ்வளவு குறைகிறது என்பதில் முடிவுகள் கலவையானவை. அதிசயம் எதையும் எதிர்பார்க்காமல் தொடங்குவதே நேர்மை.

சிறை அதிகாரிகளுக்குத் தயக்கம் இருக்கும், அது நியாயமானதும்கூட. முன்னாள் பாவனையாளர் உள்ளே வந்தால் பொருளும் வராதா? வந்தவரே மறுபடி விழுந்துவிட்டால்? இவற்றுக்கு விடை அனுமதியை மறுப்பதில் இல்லை. எத்தனை காலம் விட்டிருக்கிறார் என்று பார்ப்பது, வைத்தியசாலையின் மேற்பார்வையில் வைப்பது, மற்றவர்களுக்குரிய சோதனையை இவருக்கும் செய்வது, இவர் சாய்ந்துகொள்ளவும் ஒருவரை ஏற்பாடு செய்வது என்பவை எல்லாம் செய்யக்கூடியவை. ஆனால், பழைய வழக்கு ஒன்று இருப்பதையே காரணமாகக் காட்டி வாசலில் மறித்தால், இந்த வேலைக்கான முதல் தகைமையையே மறிக்கிறோம்.

நம் மண்ணுக்கே உரிய இரண்டு சங்கடங்களை இங்கே பேசாமல் விட முடியாது. 'புனர்வாழ்வு' என்ற சொல் வடக்கில் சாதாரணச் சொல் அல்ல. 2009க்குப் பின் பல ஆயிரம் பேர் அந்தப் பெயரில் தடுத்து வைக்கப்பட்டதை வீடுகள் மறக்கவில்லை. 2022இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வந்தபோது உயர் நீதிமன்றம் அதில் திருத்தங்கள் தேவை என்று தீர்மானித்ததையும், அதே ஆண்டு ஜூனில் கந்தக்காடு போதைப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதையும் பார்த்தோம். விருப்பமின்றிப் பிடித்துவைத்து மீட்சியை ஊட்ட முடியாது. ஆகவே துணைவர் சந்திப்புக்கு வருவதும் வராததும் கைதியின் விருப்பமாக இருக்கட்டும்.

மற்றது, காட்டிக்கொடுப்பு. யார் எங்கே என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்தோடு ஒரு தலைமுறை வளர்ந்த ஊர் இது. துணைவர் அறிந்தது பொலிஸாருக்குப் போகும் என்று ஒரேயொரு கைதி சந்தேகப்பட்டாலும் அடுத்த கிழமை சந்திப்பு அறை வெறுமையாக இருக்கும். எனவே துணைவரின் கையில் சாவியோ பிரம்போ அறிக்கைப் புத்தகமோ கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வைத்தியருக்குச் சொல்வார் என்ற எல்லையை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பொலிஸாருக்கும் இதில் இழப்பு இல்லை. மீண்டும் மீண்டும் அதே முகங்களை நீதவான் முன் நிறுத்தும் சலிப்பை அவர்கள்தான் நன்கு அறிவார்கள்.

தண்டனை வழங்கும் நீதிமன்றத்துக்கும் ஓர் இடம் உண்டு. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. மறியலுக்கே போகாதவருக்கும் இதே துணையை அங்கே இணைத்துவிடலாம்.

பிறகு மிஞ்சுவது நாம். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் சேர்த்துத் தந்தவர்கள் நம் உறவுகள். நான்கைந்து துணைவர்களுக்கு மாதச் சம்பளம் என்பது ஓர் ஊர்ச் சங்கத்தால் தாங்கக்கூடிய தொகைதான். இலவசத் தொண்டு என்று சொல்லி, விழுந்து எழுந்த மனிதர்களிடம் இரவு பகலாக வேலை வாங்குவது முறையாகாது. சனசமூக நிலையங்கள் மாலையில் ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். தச்சுப் பட்டறையும் மோட்டார் சைக்கிள் திருத்தகமும் நடத்துவோர், வெளிவந்தவனை மூன்று மாதம் வைத்துப் பார்க்க முன்வரலாம். அந்த மூன்று மாதமும் துணைவர் கிழமைக்கு ஒருமுறை பட்டறைக்கு வந்து போவார் என்றால் முதலாளியின் பயமும் பாதியாகும்.

முதலில் யாழ்ப்பாணச் சிறையில் ஓர் அறை, கிழமையில் ஒரு பின்னேரம், வைத்தியசாலை தெரிந்தெடுத்த மூன்று துணைவர்கள். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை பேர் கிளினிக்குக்குத் தொடர்ந்து வருகிறார்கள் என்று சிறை, வைத்தியசாலை, பிரதேச செயலகம் ஆகியவற்றோடு ஊராரும் ஒரே மேசையில் இருந்து எண்ணிப் பார்க்கட்டும். மூன்று துணைவர்களில் ஒருவர் வழுக்கி விழவும் கூடும். அப்படி நடந்தால் மற்ற இருவரும் அவர் வீட்டுக்குப் போவார்கள்.