ஒரு காலி ஷாம்பு பாக்கெட்

சங்கராபுரத்தில் பெட்டிக்கடை என்றால் முகப்பில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். கல்வராயன் மலைக்குப் போகிறவர்களும் இரண்டைக் கிழித்து வாங்கிக்கொள்வார்கள். தீர்ந்தது எங்காவது மண்ணில் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, கழுவாமல், வெள்ளைத் தாளில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்துப் பாருங்கள். கிழிசலின் ஓரம் வெள்ளியாக மினுங்கும். தயாரித்தவர் பெயரும் முகவரியும் பளிச்சென்று தெரியும்.

பத்திரிகைகளில் நாம் பார்த்துப் பழகியது குப்பைமேட்டின் படம்: புகை, காகம், மாடு. பார்த்ததும் 'நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது' என்று வாய் சொல்லிவிடும். மேட்டில் விற்றவர் பெயர் தெரியாது. எறிந்தவர் மட்டுமே குற்றவாளி. ஓவியர் விவான் சுந்தரம் தில்லியில் குப்பை பொறுக்குவோருடன் சேர்ந்து, கழிவுகளாலேயே ஒரு நகரத்தை ஸ்டுடியோவில் அடுக்கிப் படமெடுத்தார். 2008-இல் 'ட்ராஷ்' என்று காட்சிக்கு வந்தது. பிரமிப்பான வேலைதான். ஆனால் அங்கும் நகரம் தெரிகிற அளவுக்குச் சரக்கு தெரிவதில்லை.

புகைப்படக் கலைஞர் இர்விங் பென்னின் வழிதான் எனக்குப் பிடிக்கிறது. 1972-இல் நியூயார்க் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை ஒன்றிரண்டாக நிறுத்திப் படமெடுத்து, பிளாட்டினம் அச்சில் பெரிதாக்கினார். சிலவற்றில் கம்பெனிப் பெயரைப் படிக்கலாம். 'வோக்' இதழுக்கும் அழகுசாதன விளம்பரங்களுக்கும் படமெடுத்த கை அது. விற்கிற பொருளுக்குக் கொடுத்த அதே கவனத்தை எறிந்த பொருளுக்கும் கொடுத்தது.

ஷாம்பு பாக்கெட் நமக்கு அந்நியச் சரக்கல்ல. அதற்கு முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். 1993 வரை சங்கராபுரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரருக்கும் ஷாம்பு கிடைத்தது நல்லதே. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. சிக்கல் உறையில். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிப்போன அடுக்குகளைப் பிரிப்பது பெரும்பாடு. மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறைகளை இரண்டே ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றது 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி. 2018 திருத்தம், எரிசக்திக்கோ வேறு எதற்கோ பயன்படுமானால் இருக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டது.

சின்னிகிருஷ்ணனின் மகன் ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, ஆரம்ப காலத்தில் ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு புது பாக்கெட் இலவசம் என்றது. முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் மட்டும். சந்தையைப் பிடிக்கப் போட்ட கணக்கு அது, ஊரைச் சுத்தம் செய்ய அல்ல. ஆனாலும் காலி பாக்கெட் கடைக்குத் திரும்பி வந்தது. இன்று அதையே மூட்டை கட்டிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனால், தராசில் வைக்கவே விடமாட்டார்கள்.